துருப்பிடிக்காத கம்மல்

என் மகளின் தங்கக் கம்மல் ஜோடியில் ஒன்றை எண்ணூர்க் கடல் எடுத்துக்கொண்டது. அலையில் குப்புற விழுந்து, வாய் நிறைய உப்புத் தண்ணீரோடு எழுந்து வந்தவளின் வலது காதில் வெறும் ஓட்டைதான் இருந்தது. அது அவளுடைய காதுகுத்துக்குத் தாய்மாமன் சீராக என் தம்பி போட்ட கம்மல். அவன் காசிமேட்டில் லாஞ்சில் போய் மீன்பிடித்துச் சம்பாதித்து வாங்கியது. “கடல்ல எட்த்தத கடலே வாங்கிக்கிச்சு, வுடுக்கா” என்று அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிஞ்சிய ஒற்றைக் கம்மலைக் கொடுத்துவிட்டுப் புது ஜோடி எடுக்கலாம் என்று தண்டையார்பேட்டையில் ஒரு நகைக்கடைக்குப் போனேன். அன்றைய விலையைக் கேட்டதும், அவர்கள் கொடுத்த கூல்டிரிங்ஸை மட்டும் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் கவரிங் கம்மல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. போட்ட மறுநாளே காது சிவந்தது. அடுத்து அரிப்பு. அதற்கடுத்து தண்ணீர் கசிந்து, காலையில் தலையணை உறை காதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. எங்கள் பக்கத்தில் உடம்புக்கு எது வந்தாலும் பழிபோட ஆள் தேட வேண்டியதில்லை. மேல்வீட்டு அம்மா கொடுங்கையூர் குப்பைப் புகை என்றாள். எதிர்வீட்டுக்காரர் மணலிக் காற்று என்றார். என் மாமியாருக்கு இந்த விஞ்ஞானத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது.

“இன்னாமே, இதுகூடவா தெர்ல? சூட்டு ஒடம்பு. வெளக்கெண்ண வையி.”

வைத்தோம். காது எண்ணெயில் பளபளவென்று மின்னிக்கொண்டே அரித்தது.

சூளுரைத்துக்கொண்டு பேன்சி ஸ்டோர் பேன்சி ஸ்டோராக ஏறி இறங்கினேன். எங்கள் தெருமுனைக் கடைக்காரர் தெக்கத்திக்காரர், நெற்றியில் திருநீறும் வாயில் தேனுமாக இருப்பார். “இதப் போடச் சொல்லுங்கக்கா, ஒண்ணும் ஆவாது, நான் கேரண்டி” என்று ஒரு ஜோடியைக் கொடுத்தார். ஆனது. திரும்பக் கொண்டுபோய் அவர் முன்னால் போட்டேன். அவர் கம்மலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கலர் போகலியேக்கா? கலருக்குத்தான் கேரண்டி, காதுக்கு இல்ல” என்றார். மனிதர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னார். அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

பிறகு யாரோ சொன்னார்கள் என்று கம்மலின் தண்டுக்கு நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசினேன். மகள் பள்ளிக்கூடத்தில் கபடி ஆடி வேர்க்கும்வரை அது தாங்கியது.

இந்தக் கட்டத்தில் என் வீட்டுக்காரர் களத்தில் இறங்கினார். அவர் திருவொற்றியூரில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டர். எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடற்காற்று எங்களுக்குச் சொந்தமான எல்லாவற்றையும் தின்கிறது. புதிதாக வைத்த கேட் இரண்டு மழை பார்ப்பதற்குள் பொறை பிஸ்கட்டாக உதிரும். பைக் சைலன்சர், ஜன்னல் கம்பி, பீரோவின் கால், எதுவும் தப்பாது. அதனால் இங்கே ஒரு பொருளை நல்ல பொருள் என்று சொல்ல ஒரே அளவுகோல்தான்: துருப்பிடிக்கக் கூடாது. துருப்பிடிக்காதது நல்லது, துருப்பிடிப்பது கெட்டது. மனிதர்களைக்கூட நாங்கள் கிட்டத்தட்ட இப்படித்தான் எடைபோடுவோம்.

“இந்தக் கலீஜ் கவரிங்க வாங்கிகினு ஏன் பேஜார் பண்றே? நா செஞ்சு தரேன் பாரு” என்றார்.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே இரண்டு வளையங்கள். பட்டறையில் வெல்டிங்குக்கு வைத்திருக்கும் ஸ்டெயின்லெஸ் கம்பியை வளைத்து, முனையை ராவி, பாலிஷ் போட்டு வைரம் மாதிரி மின்ன வைத்திருந்தார். “எண்ணூர்க் கடல்ல போட்டு பத்து வருசம் கயிச்சு எட்த்தாலும் அப்டியே இர்க்கும் பாரு” என்று மகளிடம் பெருமையடித்தார். அவள் கண்ணாடி முன்னால் நின்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, “சூப்பரா கீது நைனா” என்றாள். நானும் நம்பிவிட்டேன். துருப்பிடிக்காதே!

வார முடிவில் இரண்டு காதும் உளுந்து வடை மாதிரி உப்பிவிட்டன. வளையத்தைக் கழற்ற அவள் அலறிய அலறலில் தெருவே வாசலுக்கு வந்தது. வீட்டுக்காரர் குறடால் வெட்டி எடுத்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை.

அரசு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு வரிசை நீளம். எங்கள் முறை வந்ததும் டாக்டரம்மா காதைப் பார்த்தார், பிறகு மகளின் சட்டையைத் தூக்கித் தொப்புளைப் பார்த்தார். ஜீன்ஸ் பட்டன் படும் இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்குக் கறுத்துத் தடித்திருந்தது. அதை நாங்கள் கொசுக்கடி என்று நினைத்திருந்தோம்.

“நிக்கல்” என்றார். “சில பேர் தோலுக்கு அந்த உலோகம் ஒத்துக்காது. கவரிங், பட்டன், பக்கிள் எல்லாத்துலயும் கலந்திருக்கும்.”

“ஸ்டெயின்லெஸ்தான் டாக்டர் போட்டேன். துருவே புடிக்காது” என்றார் வீட்டுக்காரர்.

“துரு பிடிக்காம இருக்கத்தான் அதையும் கலக்கறாங்க.”

வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. யாரோ அவருடைய தோஸ்தைப் பற்றி வந்து கோள் சொன்னதுபோல் நின்றார். சுத்தத் தங்கம் போடலாம், டைட்டானியம் போடலாம், இல்லாவிட்டால் எதுவும் போடாமல் விடலாம் என்றார் டாக்டரம்மா. முதலாவதன் விலை எனக்குத் தெரியும். இரண்டாவதை விமானம் செய்யும் உலோகம் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தேன். மூன்றாவதுதான் எங்கள் வசதிக்குத் தோதாக இருந்தது.

மகளுக்கு ஒரே சந்தோஷம். தனக்கு வந்திருப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அதுவும் இங்கிலீஷில். “எனக்கு நிக்கல்” என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். களிம்பு போட்டதில் காதும் ஆறியது. ஓட்டை மூடிவிடக் கூடாது என்று வேப்பங்குச்சியைச் சின்னதாகச் சீவிச் செருகிவிட்டேன்.

அப்போது பார்த்து என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் திருவொற்றியூர். ஒரே அக்காள் என்பதால் நான்தான் மேடையில் மூன்றாவது முடிச்சுப் போட வேண்டும். என் மகள் கையில் விளக்கோடு பக்கத்தில் நிற்க வேண்டும். என் மாமியாரும், அவர் தலைமையில் கூடிய அத்தை சித்தி பட்டாளமும், அவள் காதைப் பார்த்து உச்சுக் கொட்ட ஆரம்பித்தார்கள்.

“மூளிக் காதோட மேடைல வெளக்குப் புடிப்பாளாமே? பொண்ணு வூட்டுக்காரங்க இன்னா நெனப்பாங்க? ஒரு நாளு தானே, அரிச்சா அரிக்கட்டும், ஒரு கவரிங் ஜிமிக்கிய மாட்டி வுடு.”

பொட்டுத் தங்கம் இல்லாத காதுக்கு எங்கள் பாஷையில் மூளிக் காது என்று பெயர். எட்டு வயதுக் குழந்தையின் எதிரில் உட்கார்ந்துகொண்டு, அவள் காதைக் கையால் தூக்கிப் பார்த்து இதைச் சொல்வார்கள். அன்றைக்கு நான் காபி டம்ளரைச் சத்தத்தோடு கீழே வைத்ததுதான் என்னால் முடிந்த அதிகபட்ச வீரம். மறுநாளிலிருந்து மகள் பின்னல் வேண்டாம் என்றாள். முடியை இரண்டு பக்கமும் இழுத்துக் காதை மூடிக்கொண்டாள். நிக்கல் என்று பெருமையடிப்பதும் நின்றுபோனது. சாப்பிடும்போது ஒரு நாள், “நா மேடைக்கு வர்ல, கீயேவே உக்காந்துக்கறேன்” என்றாள். அவளுடைய மாமன் கல்யாணம். மாதக்கணக்கில் அதற்கென்று பாவாடைக்குக் கலர் தேடிக்கொண்டிருந்தவள். அத்தனை கிழவிகளின் காதிலும் ஸ்டெயின்லெஸ் கம்பியைச் செருக வேண்டும்போல் இருந்தது எனக்கு.

பத்திரிகை வைக்க வந்த தம்பியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் கேட்டுக்கொண்டே மருமகளின் முடியை ஒதுக்கி, வேப்பங்குச்சியைப் பார்த்தான்.

“காதுல இன்னாடி, மரம் வளக்கிறியா?” என்றான். அவள் அவனை அடித்தாள். பிறகு என்னிடம், “இரும்பு ஆவாது, அவ்ளோதானே? நரம்பு கீதுக்கா. நாளைக்கி வரேன்” என்றான்.

நரம்பு என்று அவன் சொன்னது தூண்டில் கட்டும் நைலான் இழை. தங்கூசி என்றும் சொல்வார்கள். காசிமேட்டில் அது இல்லாத வீடு கிடையாது. மறுநாள் புதுச் சுருளில் மெல்லியதாக ஒரு துண்டு வெட்டி வந்தான். வெந்நீரில் அலசி, ஊதுபத்தி நெருப்பில் முனையைக் காட்டினான். முனை உருகிச் சின்ன மணியாகத் திரண்டது. கழன்று விழாது. நான் பேன்சி ஸ்டோரில் பட்டு நூல் சுற்றிய ஜிமிக்கி வாங்கி வைத்திருந்தேன். உள்ளே வெறும் பிளாஸ்டிக், ஊதினால் பறக்கும். அதன் உலோகக் கொக்கியைப் பிய்த்துப் போட்டுவிட்டு, பல பெரிய மீன்களை ஏமாற்றிய முடிச்சைப் போட்டு அதை நரம்பில் தொங்கவிட்டான். அதே கடைக்காரர் கொடுத்த ஜிமிக்கிதான். “கேரண்டி” என்று அவர் வாயைத் திறந்ததுமே நான் கிளம்பி வந்திருந்தேன்.

ஒரு வாரம் போட்டுப் பார்த்தோம். காலையில் எழுந்ததும் நான் செய்த முதல் வேலை அந்தக் காதைப் பார்ப்பது. ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “பிளாஸ்டிக்கா?” என்று சலித்துக்கொண்டார். அவர் கணக்கில் பிளாஸ்டிக் ஒரு பொருளே இல்லை.

இராயபுரத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். மகள் பச்சை ஜிமிக்கி ஆட விளக்குப் பிடித்தாள். ஆனாலும் முடியைக் காதுக்கு முன்னால் இழுத்துவிட்டிருந்தாள். நூல் ஜிமிக்கி என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம். முதல் நாள் ராத்திரியே சொல்லிவிட்டாள்: “யாருன்னா கேட்டா தங்கம்னு சொல்லும்மா.”

தாலி கட்டி முடிந்து மொய் வரிசை தொடங்கியது. கல்யாணப் பெண்ணுக்குப் பியூட்டிஷியன் வாடகை செட் பூட்டியிருந்தாள். கழுத்தில் மூன்றடுக்கு ஆரம், காதில் கைப்பிடி அளவு ஜிமிக்கி, அதைத் தாங்கத் தலைமுடிவரைக்கும் மாட்டல் சங்கிலி. எங்கள் பக்கத்தில் பாதிக் கல்யாணங்கள் இந்த செட்டில்தான் நடக்கின்றன. காலையில் இவள் கழுத்து, சாயங்காலம் வேறொருத்தி கழுத்து. பெண் ஒவ்வொரு போட்டோவுக்கும் சிரித்தாள். ஃபிளாஷ் அணைந்ததும் கையிலிருந்த மொய்க் கவரின் முனையை ஆரத்துக்குள் விட்டுச் சொறிந்தாள்.

நான் அதைப் பார்க்கவில்லை. என் மகள் பார்த்தாள். விளக்கை என் கையில் திணித்துவிட்டுப் பெண்ணின் பக்கத்தில் போய் எட்டிக் கழுத்தைப் பார்த்தாள். மேடை முழுக்கக் கேட்கும்படி, “அத்த, உனக்கும் நிக்கலா?” என்றாள்.

பெண்ணின் அம்மா, “அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, வேர்க்குரு” என்று அவசரமாக ஆரத்தைச் சரிசெய்தாள். அந்த இடம் முழுக்கச் செக்கச் சிவந்து, பொடிப் பொடியாகக் கொப்புளித்திருந்தது. காதிலிருந்து மஞ்சள் தண்ணீர் வடிந்து பவுடரில் கோடு போட்டிருந்தது.

பெண் என் மகளையே பார்த்தாள். “அது இன்னாது, நிக்கலு?” என்று கேட்டாள்.

மகள் விளக்கினாள். கவரிங், பட்டன், பக்கிள், தொப்புள் என்று ஒன்றையும் விடவில்லை. பின்னால் மொய் வரிசை நின்றது. வீடியோக்காரர் விளக்கை அணைத்துவிட்டார்.

“எனுக்கு காது குத்துனதுலேர்ந்தே இப்டித்தான்” என்றாள் பெண். “சூட்டு ஒடம்புன்னு வெளக்கெண்ண வெப்பாங்க. அடக்கமா போட்டுக்கத் தெர்லன்னு அடி வேற.”

என் தம்பிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மாலையும் கழுத்துமாக நின்று முழித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. பெண் ஆரத்தைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தாள். ஜிமிக்கியையும் மாட்டலையும் கழற்றினாள். பியூட்டிஷியன் ஓடி வந்தாள். என் மாமியார் முன்வரிசையில் இருந்து “அய்யய்யோ, மூளிக் கோலமா” என்றார். கழுத்தில் புதுத் தாலியின் மஞ்சள் கயிறு மட்டும்தான் மிஞ்சியது.

மகள் முடியை இரண்டு கையாலும் பின்னால் தள்ளிவிட்டாள். தன் ஜிமிக்கியை இழுத்துக் காட்டி, “இது தங்கம் இல்ல அத்த, நூலு. மாமா செஞ்சு குட்த்துச்சு. உனக்கும் செஞ்சு தரும்” என்றாள். பிறகு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, “இதுக்கு டாக்டர் கீறாங்க. பயப்படாத, நா கூட்டிகினு போறேன்” என்றாள்.