மைனஸ் நூற்று இருபத்தாறு டிகிரி

ராஜபாளையத்தில் மருத்துவக் கட்டுத்துணி வெளுக்கும் ஓர் ஆலைக்கு, துணி உலர்த்தும் இயந்திரத்தின் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியைச் செய்து கொடுத்தவன் நான். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டு மாடியறைதான் பட்டறை. போன கோடையில் பழைய சிப் கிடைக்கவில்லை. அதே நிரலைப் புதிய சிப்பில் ஏற்றிக் கொடுத்தேன்.

மூன்றாம் வாரம் ஒரு சுருள் துணி பழுப்பேறிவிட்டது. இயந்திரத்தை ஓட்டியவர் சோழபுரத்திலிருந்து வரும் ஓர் அக்கா.

"மைனஸ் நூத்தி இருபத்தாறுன்னு காட்டுச்சு சார். ஹீட்டர் அணையவே இல்ல."

"ஏட்டி, ராஜபாளையத்துல பனியா பெய்யுது? நின்னுக்கிட்டே தூங்கிட்டியா?" என்றார் சூப்பர்வைசர்.

நானும் சிரித்தேன். அரை மணி நேரம் கருவியைப் பார்த்தேன், 118-இல் நின்றது. 'இயக்குபவரின் கவனக்குறைவு' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டேன். அவரைத் துணி மடிக்கும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, வேறொரு சோதனைக்காக அதே மாதிரிக் கருவியைச் சூடாக்கினேன். 127 வரை சரி. அடுத்த டிகிரிக்குத் திரை −128 என்றது. நிரலில் வெப்ப அளவை வெறும் char என்ற சிறு எண் வகையாக அறிவித்திருந்தேன். நிரலைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர், பழைய சிப்புக்கு அதை 0 முதல் 255 வரை என்று எடுத்துக்கொண்டது. புதிய சிப்பின் கம்பைலர் −128 முதல் 127 வரை என்று. அன்று சூடு சற்றே மிஞ்சி 130 டிகிரிக்குப் போனது கருவிக்குக் கடுங்குளிராகத் தெரிந்திருக்கிறது, ஹீட்டரை எரியவிட்டிருக்கிறது. முன்னால் unsigned, அதாவது கழித்தல் குறி இல்லாதது, என்று எழுதியிருந்தால் போதும். கையேட்டில் இருந்தது. நான் படிக்கவில்லை.

'அப்டேட்' என்று சொல்லி நிரலை மாற்றிவிட்டு வந்தேன். காரணம் சொல்லவில்லை. ஒன்பது நாள் கழித்து, ஆலை வாசலில் அவரைத் தனியாகப் பார்த்தேன்.

"நீங்க சொன்னதுதான் சரிக்கா. தப்பு என்னோடது."

தூக்குவாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "அது எனக்குத் தெரியாதா சார்? தெரியாதவிய உள்ள இருக்காவ. அங்கன போய்ச் சொல்லுங்க."

பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

மறுநாள்தான் போனேன். திருத்திய அறிக்கையை, மடிப்பு மேசை வரை கேட்கும்படி படித்தேன். சூப்பர்வைசர் அதை வாங்கி மடித்துப் பையில் வைத்தார். அடுத்த வாரம் அக்கா உலர்த்தும் இயந்திரத்துக்குத் திரும்பினார்.

இப்போதெல்லாம் திரையில் ஏதாவது மாறித் தெரிந்தால், செல்போனில் படம் எடுத்துக்கொண்ட பிறகே என்னை அழைக்கிறார்.