ஏழடிக்கு ஒன்பதடி

அவளைத் தெருவில் எல்லோரும் டேப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, அளவு டேப் இருக்கும். பதினாறு வருடமாக ஒரு கட்டட அலுவலகத்தில் வீட்டுப் பிளான் வரைகிறாள். கையகல மனையைக் காட்டி, இதில் என்னத்தைக் கட்டுவது என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களையும் சிரித்த முகமாகத் திருப்பி அனுப்பிவிடுவாள். சொந்த வீட்டுக்கு வரைய உட்கார்ந்தபோதுதான் திண்டாடிப் போனாள். மூன்று மாதமாக வரைந்ததைவிட அழித்ததுதான் அதிகம்.

மனை பதின்மூன்று அடி அகலம், முப்பத்தெட்டு அடி நீளம். ஒரு பக்கம் அடுத்தவர் சுவர், மறுபக்கம் சைக்கிள் போகும் சந்து. கீழே வண்டி நிறுத்த இடம், கூடம், சமையலறை. மேலே இரண்டு அறை. அவள், பஸ் ஓட்டும் கணவர், ஐந்தாவது படிக்கும் மகள் என்று மூன்று பேருக்கு அது தாராளம். ஆனால் குடும்பத்தில் இருப்பது நான்கு பேர்.

நான்காவது ஆள் கணவரின் தங்கை. ஆஸ்பத்திரியில் நர்ஸ், முக்கால்வாசி நாள் நைட் டூட்டி. பதினோரு வருடமாக வாடகை வீட்டுக் கூடத்தில், மடக்குக் கட்டிலில், கண்ணுக்கு மேல் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு பகலில் தூங்குகிறாள். மிக்ஸி அலறும், டிவி கத்தும், யாராவது வந்து காலிங்பெல்லை அழுத்துவார்கள். இது வேண்டும், அது வேண்டும் என்று அவள் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. புது வீட்டுப் பேச்சு வந்ததும்தான் திறந்தாள். ஆஸ்பத்திரி ஹாஸ்டலுக்குப் போய்விடுவதாகவும், திங்கட்கிழமை விண்ணப்பம் கொடுக்கப்போவதாகவும் சொன்னாள்.

நாத்தனார் தானாகவே போகிறேன் என்றால், வேறொருத்தி பெட்டியைக் கட்டிக் கையில் கொடுத்திருப்பாள். டேப்பக்காவுக்கோ மனம் வரவில்லை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, ராத்திரியெல்லாம் டூட்டி பார்த்துவிட்டு வந்து, அண்ணியைத் தூங்கச் சொல்லிவிட்டுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவள் அவள். அவள் இல்லாத வீட்டை யாருக்காகக் கட்டுவது? கெஞ்சிப் பார்த்தாள், கோபித்தும் பார்த்தாள். நர்ஸ் ஒற்றைக்காலில் நின்றாள்.

சரி, பேசி ஆகாததை வரைந்து பார்ப்போம் என்று டேப்பக்கா பென்சிலை எடுத்தாள். பகலில் தூங்குகிறவளுக்குக் கீழே ரோட்டுச் சத்தம் ஆகாது, மொட்டை மாடியில் தனி அறை போட்டால் சூடு ஆகாது. மேல்தளத்தின் நடுவில்தான் அறை வர வேண்டும். அங்கேயோ படிக்கட்டு காலை நீட்டிப் படுத்திருந்தது.

கணவர் சாப்பிட்ட கையோடு வந்து எட்டிப் பார்த்தார். "படியை இப்படி நேரா விட்டா, பக்கத்துல நடக்க வேற இடம் விடணும். பாதியில ஒடிச்சுத் திருப்பேன்."

இருபது வருடமாகச் சந்துபொந்தில் பஸ்ஸை ஒடித்துத் திருப்புகிறவர் சொன்னால் தப்பாது. படியை மடக்கியதும், பக்கத்தில் ஓடிய நடைபாதை மிச்சமாகி, ஏழடிக்கு ஒன்பதடியில் ஓர் அறை கிடைத்தது. தன் பேச்சை மனைவி உடனே கேட்டுவிட்டாள் என்று மனிதர் இரண்டு நாள் மார்தட்டிக்கொண்டு திரிந்தார்.

எந்தப் பிளானையும் முடிப்பதற்கு முன், டேப்பக்கா அதை நிஜ அளவில் தரையில் சாக்பீஸால் வரைந்து, குடியிருக்கப்போகிறவர்களை நடக்கவிடுவாள். பிடித்திருக்கிறதா என்று கேட்கமாட்டாள், காலைத்தான் கவனிப்பாள். கோட்டுச் சுவரை மிதித்துக்கொண்டு போகிறவர் அந்த வீட்டை இன்னும் நம்பவில்லை என்பது அவள் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை வாடகை வீட்டு மொட்டை மாடியில் இரண்டு தளத்தையும் அருகருகே வரைந்தாள். சின்ன அறைக்குள் 'சாமான் அறை' என்று எழுதினாள். நாத்தனார் முறுக்கிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம்தான். கணவர் அடுப்படியிலிருந்து சுவரைத் துளைத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். மகள் பாண்டி ஆடினாள்.

டூட்டி முடிந்து வந்த நர்ஸ், கீழே யாரையும் காணாமல் மேலே ஏறி வந்தாள். வாசல் கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றினாள். கூடத்தைச் சுற்றி, படியைத் திரும்பி, ஒரு கோட்டையும் மிதிக்காமல் சின்ன அறைக்குக் கதவு வழியாகவே வந்து நின்றாள். எழுதியிருந்ததைப் படித்தாள்.

"இவ்வளவு சாமான் நம்மகிட்ட ஏது அண்ணி?"

டேப்பக்காவுக்கு அதற்குமேல் பொய் வரவில்லை. "உனக்குத்தான் போட்டேன். நீ போயிட்டா இந்த வீடு எனக்கு வேண்டாம்."

நர்ஸ் அறையின் நடுவில் உட்கார்ந்தாள். பிறகு காலை நீட்டி, ஒரு கையைத் தலைக்கு வைத்துப் படுத்தே விட்டாள். வெயில் கண்ணில் அடிக்க, சந்துப் பக்கம் வரைந்திருந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதைப் பாதியாக்கிடுங்க அண்ணி. காலையில வந்து படுக்கணும்ல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்புறம், கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வேணும்" என்றாள்.

பிளானில் யாரும் தாழ்ப்பாள் வரைவதில்லை. டேப்பக்கா மண்டிபோட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே, கதவைவிடப் பெரிதாக ஒரு தாழ்ப்பாளை வரைந்தாள்.