படித்துக் காட்டிய பிறகே முத்திரை

செய்தி வந்தபோது நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் மொழிபெயர்ப்பு மாடிக் கடையில் ஒரு திருமணப் பத்திரத்தை மலாய்க்கு மாற்றிக்கொண்டிருந்தேன். ஜமீலாவின் மகள் ஷரீபா கூப்பிட்டாள். "மணியம் அங்கிள், உம்மா போயிட்டாங்க. விடியக்காலை சுபுஹு தொழுதுட்டு உட்கார்ந்தவங்க எழுந்திரிக்கல. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் கிள்ளான்ல அடக்கம். வந்துடுங்க." எதிர் மேசையைப் பார்த்தேன். முந்தின நாள் அவர் மறந்து வைத்துவிட்டுப் போன கண்ணாடி உறை அங்கேயே கிடந்தது.

ஜமீலாவை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். அழுதுகொண்டு எழுதியிருக்க வேண்டியது. கோபத்தோடு எழுதுகிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.

இருபத்திரண்டு வருடம் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்தோம். எனக்குத் தமிழ், மலாய், ஆங்கிலம். அவருக்கு அவற்றோடு அரபும். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களின் சான்றிதழ்களையும் ஒப்பந்தங்களையும் ஆங்கிலத்திலிருந்து அரபுக்கு மாற்றி முத்திரை குத்தித் தருவார். அந்த ஒப்பந்தங்களின் அடியில் ஒரு வரி இருக்கும்: "கையெழுத்திடுபவருக்குத் தெரிந்த மொழியில் இது படித்துக் காட்டப்பட்டது, அவர் புரிந்துகொண்டார்." அதன் கீழே மொழிபெயர்ப்பாளர் ஒப்பமிட வேண்டும். ஊரில் எல்லாரும் இட்டார்கள். யாரும் படித்துக் காட்டவில்லை. ஜமீலா படித்துக் காட்டினார்.

செந்தூலிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் சாலாக் செலாத்தானிலிருந்தும் வருகிற ஒவ்வொருவரையும் எதிரே உட்காரவைத்து, அரபு வாசகத்தை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு, தமிழில் சொல்லிக்கொண்டே போவார். ஒவ்வொரு பிரிவு முடிந்ததும் நிறுத்துவார். "புரிஞ்சுதா? புரியலன்னா வெக்கப்படாதீங்க, இன்னொரு தடவ படிக்கிறேன்." ஓர் ஆளுக்கு அரை மணி நேரம் ஆகும். ஆட்களை அனுப்பும் ஏஜென்சிக்காரர்கள் படிக்கட்டில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

அப்படி நின்ற ஓர் ஏஜென்சி அதிகாரி ஒருநாள் பொறுமை இழந்து உள்ளே வந்தார். "ஆன்டி, அந்தக் கடைசி வரி வெறும் ஃபார்மாலிட்டி லா. சைன் போட்டு விடுங்க. கீழ வேன் நிக்குது."

ஜமீலா தலை நிமிராமல் கேட்டார். "ஃபார்மாலிட்டிக்கு அரபுல என்ன சொல்றதுன்னு தெரியுமா தம்பி?"

"எனக்கென்ன தெரியும்?"

"ஷக்லிய்யான்னு சொல்லலாம். ஷக்ல்னா உருவம். பாக்குறதுக்கு மட்டும் இருக்கிற உருவம், உள்ள ஒண்ணும் கிடையாது. அந்த வார்த்தைய நான் இதுவரைக்கும் ஒரு பத்திரத்துலயும் எழுதினதில்ல. இந்த வரிக்கும் எழுதமாட்டேன். உட்காருங்க, பால் இல்லாம ஒரு தே ஓ சொல்றேன்."

அவர் உட்காரவில்லை. வேனுக்குப் போய் ஹார்ன் அடித்தார்.

அன்றைக்கு ஜமீலாவின் எதிரே உட்கார்ந்திருந்தவர் செந்தூல் கணேசன், வெல்டர். ஒன்பதாவது பிரிவு வந்தது. எந்த இடத்துக்கு அனுப்பினாலும் போகவேண்டும், எந்த வேலை கொடுத்தாலும் மறுக்கக்கூடாது, ஒப்பந்தம் முடியும்வரை கடவுச்சீட்டு முதலாளியிடமே இருக்கும். கணேசன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "அக்கா, வெல்டிங் வேலைன்னுதானே சொன்னாங்க? இன்னொரு தடவ படிங்க." ஜமீலா மறுபடி படித்தார். கணேசன் பேனாவை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். அவரைப் பார்த்து வேனிலிருந்த இன்னும் நான்கு பேர் இறங்கிவிட்டார்கள்.

அடுத்த வாரம் ஏஜென்சியிலிருந்து கடிதம் வந்தது. தேவையற்ற தாமதம் ஏற்படுத்துவதால் ஜமீலாவின் பெயர் அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. நீங்கள் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று ஒரு கேள்வி கிடையாது. ஜமீலா அந்தக் கடிதத்தையும் முழுக்கப் படித்தார். "நல்ல இங்கிலீஷ்" என்று சொல்லி மேசை இழுப்பறையில் போட்டார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

இங்கே என் வெட்கத்தையும் சொல்லியாக வேண்டும். அரபு வேலையை ஏஜென்சிக்காரர்கள் வேறு எங்கோ கொடுத்துக்கொண்டார்கள். தமிழில் படித்துக் காட்டியதாக ஒப்பமிட என்னிடம் வந்தார்கள். நான் இட்டேன். ஜமீலாவின் கண்ணெதிரே, அதே அறையில் உட்கார்ந்து இட்டேன். ஒரு காலையில் பதினோரு தாள்கள். ஜமீலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "மணியம், இதுல எத்தன பேருக்குப் படிச்சுக் காட்டினீங்க?"

தேநீர் ஆறுகிறது என்று எதையோ சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் தாளுக்குத் திரும்பினார். அந்தப் பதினோரு பேர் எங்கே போனார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர்களில் ஒருவரின் முகம்கூட எனக்கு நினைவில்லை. மறுநாள் ஏஜென்சி வேலையை நிறுத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் மூன்று வருடம் ஜமீலா அதே மேசையில் இருந்தார். தானாகத் தேடி வருகிறவர்களுக்கு மட்டும் எழுதினார், படித்துக் காட்டினார். பட்டியலைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினார். "என்னைய எடுத்தா எடுத்துட்டுப் போகட்டும். நான் தப்பு செஞ்சேன்னு எழுதினாங்க பாருங்க, அதுதான் வலிக்குது. என்னைக்காவது அதை மாத்தி எழுதுவாங்களா?"

மாற்றி எழுதினார்கள். அவர் இறந்து இரண்டு வாரம் கழித்து, மொழிபெயர்ப்பாளர்கள் சிலர் சேர்ந்து பிரிக்பீல்ட்ஸில் இரங்கல் கூட்டம் வைத்தோம். அந்த ஏஜென்சி மலர்வளையம் அனுப்பியிருந்தது. கூடவே கண்ணாடிச் சட்டம் போட்ட ஓர் இரங்கல் கடிதம். கொண்டுவந்தவர் அன்று ஹார்ன் அடித்த அதே அதிகாரி. என்னிடம் அந்தக் கடிதத்தின் நகலாக ஒரு தாளை நீட்டினார். "அங்கிள், லெட்டர் கிடைச்சுது, விஷயம் சரின்னு ஒரு சைன். ஒரு போட்டோ. ஆண்டறிக்கையில போடணும். சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

ஒரு மனுஷியின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, அவர் கண் மூடியதும் மாலையோடு வந்து நிற்க எப்படி மனம் வருகிறது?

"படிச்சுக் காட்டுங்க" என்றேன்.

"என்ன அங்கிள்?"

"எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, தமிழ்ல. அப்புறம் சைன் போடறேன்."

அவர் வேறு வழியில்லாமல் படிக்கத் தொடங்கினார். அயராத உழைப்பாளி, ஈடுசெய்ய முடியாத இழப்பு என்றெல்லாம் வேகமாகப் படித்தவர், மூன்றாவது வரியில் குரலைத் தாழ்த்தினார். "அன்னார் தம் கடைசி நாள்வரை எங்கள் பட்டியலில் பெருமையோடு பணியாற்றி..."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "நிறுத்துங்க பாஸ். அந்த வரி எனக்குப் புரியல. இன்னொரு தடவ படிங்க."

கணேசன்! செந்தூலிலிருந்து வேலை உடுப்போடு வந்திருந்தார்.

அதிகாரி தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். இரண்டாம் முறை அந்த வரியைப் படிக்க அவரால் முடியவில்லை. ஷரீபா எழுந்து வந்து, உம்மாவின் இழுப்பறையிலிருந்து எடுத்த பழைய நீக்கக் கடிதத்தை அவர் கையில் வைத்தாள்.

ஜமீலாவின் முத்திரையை விதிப்படி, அதைக் கொடுத்த அரசு அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டோம். கண்ணாடி உறை ஷரீபாவிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது அவருடைய அந்த அரை மணி நேரம். இனி என் எதிரே யார் உட்கார்ந்தாலும் அது அவர்களுக்கு உண்டு. பதினோரு பேருக்குக் கொடுக்காமல் விட்டதற்கு நான் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

அன்று அந்தத் தாளில் நான் கையெழுத்திட்டேன். இட்ட கையெழுத்துக்கு மேலே, ஜமீலா எழுதுவதுபோலவே நிறுத்தி நிதானமாக எழுதினேன்: "படித்துக் காட்டப்பட்டது. புரிந்துகொண்டோம். உண்மை இல்லை."