தாடிக்குள் மறைந்திருந்த வீக்கம்

முதலில் அது வெறும் பல்வலிதான். என் கணவர் குமாருக்கு வலப்பக்கக் கீழ்த்தாடையில் கடைவாய்ப்பல். கண்டிக்குப் பக்கத்தில், பிலிமத்தலாவையில் மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கிறார். அன்று கன்னத்தைப் பொத்திக்கொண்டு அம்பிட்டியவிலுள்ள வீட்டுக்கு வந்தார். பல் அழுகிவிட்டது, பிடுங்க வேண்டும் என்று பல் டொக்டர் சொல்லியிருந்தார்.

"இப்ப பிடுங்க வேணாங்க" என்று சொன்னது நான்தான்.

அப்போது எனக்கு ஆறாம் மாதம். எங்கள் வீடுகளில் மனைவி பிள்ளையோடு இருக்கும்போது கணவன் முடி வெட்டுவதில்லை, சவரம் செய்வதில்லை. உடம்பில் கத்தி படக்கூடாது. பல்லைப் பற்றி யாரும் எதுவும் சொல்லிவைக்கவில்லை, அதை நானாகவே சேர்த்துக்கொண்டேன். அதற்கு முந்திய வருடம் எனக்கு ஒரு கரு கலைந்திருந்தது. அந்த முறை அவர் தினமும் சவரம் செய்துகொண்டுதான் இருந்தார். அலுவலகத்தில் ஊரார் கோப்புகளையெல்லாம் சரிபார்க்கிற கிளார்க் நான். என் பயத்தைச் சரிபார்க்க எனக்குத் தெரியவில்லை.

"சரி, புள்ள பொறக்கட்டும். தாடியையும் பல்லையும் ஒண்ணா எடுத்துடுறேன்" என்று அவர் சிரித்தார்.

வீட்டில் மிச்சமிருந்த அன்டிபயோட்டிக் (கிருமிக்கொல்லி) மாத்திரைகள் நாலைக் கொடுத்தேன். வலி குறைந்தது. நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். இதே நிலையில் இருந்து வாசிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பல்லுக்குள் நரம்பு செத்தாலும் வலி அடங்கும். ஆனால் சீழ் தன் பாட்டில் இறங்கிக்கொண்டிருக்கும்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, சோறு இறங்கவில்லை என்றார். மறுநாள் காலையில் வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. சுடுசோற்றை வாயில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல் குரல் மாறியிருந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் துவாயில் வடியவிட்டார். படுத்தால் மூச்சு முட்டியது. கதிரையில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் பெரிய வீக்கம் எதுவும் தெரியவில்லை. தாடிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். தாடைக்கு அடியில் பலகைபோல் இறுகி, கொதித்தது.

பக்கத்து வீட்டு நவ்ஷாத் நானா ஓட்டோவை எடுத்தார். "ஏறுங்க தங்கச்சி. வேற எங்கயும் வாணாம், நேரா பெரியாஸ்பத்திரிக்கே போவோம்." வழி முழுக்க நான் குமாருடைய தோள் மூச்சோடு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவரைப் பரிசோதித்தவர் யாழ்ப்பாணத்துப் பெண் டொக்டர். நாக்கு மேலே தள்ளப்பட்டிருப்பதைப் பார்த்ததும் அவருடைய நடை வேகமாகிவிட்டது.

"தாடியை வழிக்க வேணும்" என்றார்.

"வேணாம் டொக்டர். நான் மாசமா இருக்கேன். கத்தி படக்கூடாது."

இதை எழுத இப்போதும் கூசுகிறது. அவர் திட்டவில்லை. என் வயிற்றை ஒருமுறை பார்த்தார்.

"அம்மா, பல்லில இருந்த சீழ் கழுத்துக்குள்ள இறங்கியிட்டுது. மூச்சுப் போற வழி அடைபடப் போகுது. கழுத்தையே வெட்டித்தான் திறக்கப் போறம். விளங்குதோ?"

லட்விக்ஸ் அஞ்சைனா (நாக்குக்கும் தாடைக்கும் அடியில் பரவும் கடும் தொற்று) என்று அதற்குப் பெயர். நான் தலையாட்டினேன்.

தாடியை வழித்தார்கள். உள்ளே கழுத்து என்று ஒன்று இல்லை. தாடையும் நெஞ்சும் ஒன்றாகி, காறையெலும்புவரை சிவந்திருந்தது. குமார் விழுகிற முடியைப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். ஒப்பரேஷனுக்குச் சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தபோது பிள்ளை அசையவில்லை என்று தோன்றியது. வயிற்றைத் தட்டிப் பார்த்தேன். சாமி கும்பிடவும் பயமாக இருந்தது. அவரைக் காப்பாற்று என்று கேட்டால், பதிலுக்குப் பிள்ளையைக் கேட்டுவிடுமோ என்று நினைத்தேன். இருவரில் யாருடைய பெயரையும் சொல்லாமல் வெறுமனே கையைக் கூப்பிக்கொண்டிருந்தேன்.

ட்ரக்கியோஸ்டமி (தொண்டையில் துளையிட்டு மூச்சுக்குக் குழாய் வைப்பது) செய்து, கழுத்தை இரண்டு இடத்தில் திறந்து சீழை எடுத்தார்கள். பல்லையும் பிடுங்கினார்கள். மூன்றாம் நாள் சீழ் நெஞ்சுப் பக்கம் இறங்கியிருந்ததால் மறுபடியும் வெட்டினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள், கிழமை எல்லாம் போய்விட்டது. ஒரு மூச்சு, அடுத்த மூச்சு, அவ்வளவுதான் எனக்குக் காலம்.

நினைவு தெளிந்தபோது அவருக்குக் குரல் இல்லை. நர்ஸ் கொடுத்த தாளில் "பல்லு?" என்று எழுதினார்.

"எடுத்தாச்சு. அன்னைக்கே எடுக்க விட்டிருந்தா இதெல்லாம் வந்திருக்காது. எல்லாம் என்னாலதான்" என்றேன்.

அவர் தாளைத் திருப்பினார். பிறகு, "எனக்கும் பயம்தான்" என்று எழுதினார்.

மகள் மாதம் நிறைந்து, குறையில்லாமல் பிறந்தாள். ஆனாலும் அவளுக்கு ஒரு வயது முடியும்வரை, சின்னக் காய்ச்சல் வந்தாலும் தரையில் விழுந்த அந்த முடிதான் என் கண்ணுக்குள் வரும்.

அவர் கழுத்தில் தழும்பைச் சுற்றி இன்னும் உணர்ச்சி இல்லை. அங்கே முடியும் முளைப்பதில்லை. என் விரல் தினமும் ஒருமுறை அவர் தாடைக்கு அடியில் போய்த் தடவிப் பார்க்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே போகும்.

இப்போது எனக்கு மறுபடியும் இரண்டாம் மாதம். போன வாரம் அவர் இரண்டு நாள் தாடியோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். "என்ன செய்ய?" என்று மட்டும் கேட்டார்.

"போய் வழிங்க" என்றேன்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஒவ்வொரு காலையும் அவருக்கு நானேதான் வெந்நீர் வைத்துக் கொடுக்கிறேன். அவர் வழித்து முடிக்கும்வரை வயிற்றில் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறேன்.