ஈரம் காயாத கை

இது நடந்தது. கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு வருத்தமில்லை. யாருக்கு நடந்ததோ அந்தத் தெஸ்பினா வாரத்துக்கு இரண்டு முறை என்னோடு உட்கார்ந்து காப்பி குடிக்கிறவள். மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டேன். மூன்று தடவையும் ஒரு சொல் மாறவில்லை. ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். இத்தாலியில், தொஸ்கானா மலைமேல் ஒரு சின்ன ஊர், நான் இருப்பதும் அங்கேதான். அந்த வீட்டில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

தெஸ்பினா கிரேக்கக்காரி. எங்கள் ஊர்ப் பழைய மடத்தில் நடக்கும் ஓவியப் பள்ளியில் படிக்க வந்தவள். ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய சுவரோவியங்களை, அதே சுண்ணாம்பில், அதே முறையில் வரையக் கற்றுத் தருகிற பள்ளி அது. அவளுக்குச் சாப்பாட்டுப் பைத்தியமும் உண்டு. அந்தக் கால ஓவியங்களில் மேசைமேல் என்னென்ன பரிமாறியிருக்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மடத்துச் சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில் இயேசுவின் கடைசி இராவுணவு இருக்கிறது. அதில் ஓர் ஓரத்தில் ஒரு ரொட்டி, ஒரு மீன் தட்டு, ரொட்டியை எடுக்க நீளும் ஒரு கை. இந்த மூன்றையும் ஒரு பலகையில் வரைந்து காட்ட வேண்டும். அதுதான் பரீட்சை.

கேட்க லேசாக இருக்கும். பலகையில் சுண்ணாம்புச் சாந்து பூசினால், அது ஈரமாக இருக்கும் ஏழெட்டு மணி நேரத்துக்குள் வரைந்து முடிக்க வேண்டும். அப்போதுதான் நிறம் உள்ளே இறங்கும். காய்ந்தால் போச்சு, சுரண்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ரொட்டியும் மீனும் அவளுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. கைதான் வரவில்லை. இரண்டு தடவை வரைந்தாள், இரண்டு தடவையும் கையுறையில் பஞ்சு அடைத்த மாதிரி வந்தது.

"மூணாவது தடவையும் கை சொதப்புச்சுன்னா உதவித்தொகை நின்னுடும்மா" என்றார் வாத்தியார் தொர்ரினி. "ரெண்டாம் தேதி காலைல பத்து மணிக்குக் கொண்டு வா. சாந்து ஈரமா இருக்கணும். விரல் வெச்சுப் பார்ப்பேன்."

உதவித்தொகை நின்றால் ஊருக்குத் திரும்பி அப்பாவின் மீன் கடையில் நிற்க வேண்டும்.

அந்த ரெண்டாம் தேதி, நவம்பர் மாதத்துக் கல்லறைத் திருநாள், செத்தவர்களுக்கான நாள்.

அவள் வாடகைக்கு இருந்தது எர்மெலிந்தா என்கிற விதவையின் வீட்டில். வீட்டில் அந்த அம்மாவும் மகன் ஒரேஸ்தேவும்தான். முந்தின நாள் இராத்திரி சாப்பிடும்போது ஒரேஸ்தே வழக்கம்போல வம்புக்கு இழுத்தான்.

"என்ன கிரேக்கக்காரி, ரொட்டி இறங்கலையா?"

"உப்புன்னு ஒண்ணு இருக்கு. கேள்விப்பட்டிருக்கியா?"

"எங்க ஊர்ல ரொட்டிக்கு உப்பு போடறதே இல்ல. உப்பு போட்டா அது ரொட்டியா? போடி!"

எர்மெலிந்தா சிரிக்கவில்லை. எல்லாரும் சாப்பிட்டு முடித்த மேசையில் புதுத் துணி விரித்து ரொட்டி, அவித்த கொண்டைக்கடலை, ஒரு ஜாடித் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு எல்லாரும் பூசைக்குக் கிளம்பணும். உன் படுக்கைய உதறி, சுத்தமா விரிச்சு, போர்வை ஓரத்த மடிச்சு விட்டுட்டு வா."

"யாருக்கும்மா?"

"யாருக்கா? நம்மள விட்டுப் போனவங்களுக்குத்தான். எவ்வளவு தூரம் நடந்து வராங்க! கொஞ்ச நேரம் படுக்க வேண்டாமா?"

"எனக்குப் பரீட்சை. சாந்து காஞ்சுடும்..."

"வீட்டுல ஒருத்தரும் இருக்கக் கூடாது."

அதற்குப் பிறகு ஒரேஸ்தேகூடக் கிண்டல் பண்ணவில்லை.

தெஸ்பினா இராத்திரி இரண்டு மணிக்கே எழுந்து சாந்து பூசினாள். ரொட்டி முடிந்தது. மீன் முடிந்தது. கை இருக்க வேண்டிய இடம் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. மணி அடித்தது. படுக்கையை விரித்தாள், கோட்டை மாட்டிக்கொண்டு அவர்களோடு போனாள். கோயில் வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நழுவி, ஒரே ஓட்டமாகத் திரும்பி வந்துவிட்டாள். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு வருடப் படிப்பு ஒரு கையில் தொங்குகிறது.

வீடு இருட்டாக இருந்தது. சமையலறையில் ஒரு சின்ன விளக்கு மட்டும். மாடி ஏறித் தன் அறைக்குப் போனாள். ஜன்னலோரம் நாற்காலிமேல் பலகை. மணிக்கட்டில் அம்மா கட்டிய கயிற்றை மேலே தள்ளிவிட்டு, தூரிகையை எடுத்தாள். குளிரில் விரல் விறைத்துக் கிடந்தது. ஒரு கோடுகூட நேராக வரவில்லை. துடைத்துவிட்டு மறுபடி இழுத்தாள். மறுபடி கோணல். ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது.

கையைச் சூடு பண்ணிக்கொள்ளலாம் என்று படுக்கையில் உட்கார்ந்தாள். போர்வைக்குள் கையை விட்டாள்.

உள்ளே கதகதப்பாக இருந்தது.

யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி...

இரண்டு மணியிலிருந்து கண் விழித்தவள், அதை யோசிக்கவில்லை. ஐந்து நிமிடம் என்று சொல்லிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

கீழே சமையலறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். க்ளக்... க்ளக்...

நாற்காலி நகர்ந்தது.

பூசை இன்னும் முடியவில்லை. மணி அடிக்கவில்லை. அப்படியானால்...

மாடிப்படி. செருப்பில்லாத கால். ஒவ்வொரு படியாக. அவசரமே இல்லை.

கதவு திறக்கவில்லை. ஆனால் சத்தம் அறைக்குள் வந்துவிட்டது.

அவள் முதுகுக்குப் பின்னால் மெத்தை அமுங்கியது.

ஈரச் சுண்ணாம்பு வாசனை. பலகை ஜன்னலோரத்தில் இருக்கிறது. வாசனையோ காதுக்குப் பக்கத்தில்.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. அவள் செய்தது ஒன்றுதான். சுவரோடு ஒட்டி, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

பெருமூச்சு. களைத்த பெருமூச்சு.

மணிக்கட்டில் ஏதோ சில்லென்று...

பிறகு மெத்தை மேலே எழும்பியது.

ஜன்னல் பக்கம். சர்... சர்... சர்...

தூரிகை!

எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. கோயில் மணி அடித்தது. சத்தம் நின்றது. மெல்லத் திரும்பினாள். யாரும் இல்லை. பக்கத்துத் தலையணையில் ஒரு குழி. பலகையில்... கை இருந்தது. நரம்பும் நகமுமாக, ரொட்டியைத் தொட்டுவிடுகிற மாதிரி ஒரு பெண் கை. கட்டைவிரல் அடியில் ஒரு தீக்காயத் தழும்பு. மடத்துச் சுவரில் இருக்கும் கையில் அந்தத் தழும்பு கிடையாது.

பத்து மணிக்குத் தொர்ரினி விரல் வைத்துப் பார்த்தார். ஓவியத்துக் கையையே உற்றுப் பார்த்தார்.

"இது நீ போட்டதா?"

"ஆமா சார்."

"பாஸ்" என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பலகையோடு வீட்டுக்கு வந்தாள். எர்மெலிந்தா கதவைத் திறந்தாள், பலகையைப் பார்த்தாள். கையிலிருந்த தட்டு விழுந்து உடைந்தது. தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து அந்தத் தழும்பின்மேல் உதட்டை வைத்தாள். "நீவெஸ்... என் தங்கமே... இவ்வளவு நாளா வரலையேடி..." என்று அழுத அழுகையைக் கேட்க முடியவில்லை என்கிறாள் தெஸ்பினா. அப்படி ஒரு மகள் இருந்ததாக அந்த அம்மா அதுவரை மூச்சுக்கூட விட்டதில்லை.

ஒரேஸ்தேதான் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்.

"என் அக்கா. அதே பள்ளிக்கூடம், அதே பரீட்சை. அதே நாள். சாந்து காஞ்சுடும்னு பூசைக்கு வராம வீட்டுல இருந்துட்டா. நாங்க திரும்பி வந்தப்போ உன் அறையில, அந்தப் படுக்கையிலதான் உயிரில்லாம கிடந்தா. உடம்புல ஒரு கீறல் இல்ல. சுவரோட ஒட்டிக் கிடந்தா. பக்கத்துல ஒருத்தர் படுக்க இடம் விட்டிருந்தா."

தெஸ்பினா திரும்பி மாடிப்படியைப் பார்த்தாள்.

"அவ பலகை பரண்ல இருக்கு. எல்லாம் முடிச்சிருந்தா, கை மட்டும்தான் பாக்கி. அம்மா தூக்கிப் போட விடல. இரு, எடுத்துட்டு வரேன்."

கொண்டுவந்து, சுற்றியிருந்த துணியை அவிழ்த்தான்.

அவன் முகம் வெளுத்தது.

"இங்க... ஒண்ணும் இருந்ததில்லையே. போன வாரம்கூடத் தூசி தட்டினேனே..."

ரொட்டி இருந்தது. மீன் இருந்தது. ரொட்டியை நோக்கி ஒரு கை நீண்டிருந்தது. மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. கயிற்றில் ஒரு நீல மணி. கண் திருஷ்டி படக் கூடாது என்று, படிக்கக் கிளம்பிய அன்று தெஸ்பினாவின் அம்மா மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்ட அதே மணி.

ஒரேஸ்தே விரலால் தொட்டான். விரலில் நிறம் ஒட்டிக்கொண்டு வந்தது. ஈரம்.

தெஸ்பினா மெதுவாகக் கோட்டுக் கையை மேலே இழுத்துப் பார்த்தாள்.

மணிக்கட்டில் கயிறு இல்லை.