இடது பக்கம் திரும்பினால் ஹார்ன்

எங்கள் காரில் இடது இண்டிகேட்டரைப் போட்டால் ஹார்ன் அடிக்கும். அதுவும் லேசாக இல்லை. இண்டிகேட்டரை அணைக்கும் வரை விடாமல் அலறும். வைப்பரைப் போட்டால் உள்விளக்கு எரியும். ஓட்டுபவர் பக்கத்துக் கண்ணாடி தனக்குத் தோன்றும்போது இறங்கும், அப்புறம் கெஞ்சினாலும் ஏறாது. சித்தூரில் எங்கள் தெருவுக்குள் நுழைய இடது பக்கம்தான் திரும்ப வேண்டும். ஆகவே எங்கள் கார் வருவது சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்தது.

எல்லாம் அந்த மழைக்குப் பிறகு வந்த கோளாறு. யாரால் வந்தது என்பதில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. என்னால்தான்.

எனக்குத் திருப்பதியில் இரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. நாற்பது வயதைத் தாண்டித்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சித்தூரிலிருந்து போக, வர அந்தக் காருக்குள் இருக்கும் நேரத்தில் மட்டும்தான் என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை, எதுவும் சொல்வதில்லை. அதற்காகவே வேலைக்குப் போகிறேனோ என்றுகூட எனக்குத் தோன்றும். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தால் போச்சு. "பிரேக்க புடி, கிளட்ச்ச உடு, பாத்து, பாத்து" என்று ஊர் வந்து சேரும் வரை ஓயமாட்டார்.

அந்தப் பெருமழை நாளில் நான் காரை எடுக்கவில்லை. பஸ்ஸில்தான் போனேன். சாயங்காலம் வழியில் பாகாலாவுக்குப் பக்கத்தில் சாலையில் வெள்ளம் என்று பஸ்களை நிறுத்திவிட்டார்கள். திருப்பதி பஸ் நிலையத்தில் நனைந்தபடி அவருக்குப் போன் போட்டேன், போட்டேன், போட்டுக்கொண்டே இருந்தேன். எடுக்கவே இல்லை. கடைசியில் கூட்டத்தில் இடிபட்டு ரயிலைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன். ஒரு மனுஷி எங்கே நிற்கிறாள் என்று கேட்கக்கூட ஆள் இல்லையே என்று கண்ணில் தண்ணீர் வந்தது. வீட்டுக்கு வந்தால் ஐயா தலைக்குக் குளித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "போன் வேலை செய்யல" என்றார். இரண்டு நாள் நான் அவரிடம் பேசவில்லை.

மறுநாள் காலை காருக்குள் கால் வைத்தால் கார்ப்பெட் ஈரம். "நீதான் கண்ணாடிய ஏத்தாம உட்டுக்கீறே, மழை உள்ள பூந்துடுச்சு" என்றார். நான் ஏற்றிய ஞாபகம்தான் இருந்தது. ஆனாலும் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறாரே, மறந்திருப்பேன் என்று நம்பிவிட்டேன். நம்பினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

அன்று பாகாலா தாழ்வில் தண்ணீர் வடிந்து, சாலைமேல் கொஞ்சம் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் போன ஆட்டோவின் சக்கரம் பாதிகூட நனையவில்லை. நானும் பின்னாலேயே மெல்லப் போனேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சாப்பிடும்போது மாமியாரிடம் அதைச் சொல்லித் தொலைத்தேன். அந்த வாரமே ஹார்ன் அலற ஆரம்பித்தது.

"தண்ணியில உட்டாளாம் காரை. அத வேற சொல்லிக்கினு கீறா. பொம்பளைக்கு இன்னாத்துக்கு காரு?" என்றார் அத்தை.

"கரண்ட்டும் தண்ணியும் சேந்தா இன்னா ஆவும்? படிச்சவதானே நீ?" என்றார் இவர்.

அதற்குப் பிறகு ஆளாளுக்கு வைத்தியம். என் வேலையில் சோதித்துப் பார்க்காமல் ஒரு முடிவையும் எழுத முடியாது. இங்கேயோ பார்க்காமலே எல்லோரும் முடிவு சொன்னார்கள். ஒரு எலக்ட்ரீஷியன் எல்லா ஃபியூஸையும் மாற்றினார். ஹார்ன் அடித்தது. இன்னொருவர் பேட்டரிதான் என்றார். புது பேட்டரி போட்டதும் ஹார்ன் இன்னும் கணீரென்று அடித்தது. எதிர்வீட்டு அம்மா, "செல்போன் நனைஞ்சா அரிசியில போட்டு வெக்கறோமே" என்று ஆரம்பிக்க, அத்தை நிஜமாகவே ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிக் காருக்குள் வைக்கச் சொன்னார். கார் அரிசி மூட்டையோடு வெயிலில் காய்ந்தது. உள்ளே வண்டு பறந்ததுதான் மிச்சம்.

இவர் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இனிமே நீ பஸ்ஸுல போ. சரியானப்புறம் பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் அந்த விஷயம் முடிந்தது என்று அர்த்தம். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே வரும் ஒவ்வொரு காரிலும் யார் ஓட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போவேன்.

மூன்றாவது எலக்ட்ரீஷியனிடம் அவர் காரை எடுத்துப் போன ஞாயிற்றுக்கிழமை, நானும் வருவேன் என்று பிடிவாதமாக ஏறி உட்கார்ந்தேன். "நீ எதுக்கு?" என்று இரண்டு தரம் கேட்டார். நான் இறங்கவில்லை.

இந்த ஆள் ஃபியூஸைத் தொடவில்லை. முன் சீட்டைக் கழற்றிக் கார்ப்பெட்டைத் தூக்கினார். அடியில் சேறு காய்ந்து பாளம்பாளமாக வெடித்திருந்தது. வயர்கள் சேரும் பிளக்கை உருவிக் காட்டினார். உள்ளே கம்பியெல்லாம் பச்சைக் களிம்பு.

"பாரும்மா, இதான். ஒரு வயரு கரண்ட்டு இன்னொரு வயருக்கு தாவுது. தண்ணி சீட்டுக்கு அடி வரைக்கும் ஏறி நின்னுகீது. சும்மா தண்ணியில போனா இப்படி ஆவாது. வண்டி நடுத் தண்ணியில ஆஃப் ஆயி நின்னிருக்கணும்."

"என் கையில நிக்கவே இல்லப்பா. சக்கரம் பாதி கூட நனையல."

அவர் சிரித்தார். "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க. டாக்டரு கிட்ட குடிக்கிறதே இல்லன்னு சொல்ற மாதிரி."

அப்படிப்பட்ட ஆட்களின் இரத்தத்தைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். என்னையே அந்த வரிசையில் நிறுத்திவிட்டாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து இவர் பெரிய மனசு பண்ணி, "இப்பவாச்சும் ஒத்துக்கயேன். யாரு உன்னை அடிக்கப் போறாங்க?" என்றார்.

"கெளம்புங்க காணிப்பாக்கத்துக்கு" என்றேன். "குளத்துல முழுகிட்டு புள்ளையாரு எதிர்ல சத்தியம் பண்றேன், இந்தக் காரு என் கையில தண்ணியில நிக்கலன்னு. நீங்களும் வந்து பண்ணுங்க."

எங்கள் பக்கத்தில் அந்தப் பேரை யாரும் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. அங்கே பொய்ச் சத்தியம் செய்தவரைச் சாமி சும்மா விடாது என்று நம்பிக்கை. வரப்புச் சண்டையோ திருட்டுப் பழியோ, காணிப்பாக்கம் போகலாம் என்றாலே பாதி பேர் அடங்கிவிடுவார்கள். எலக்ட்ரீஷியன் திருப்புளியைக் கீழே வைத்தார். "அம்மா சொல்றது நெஜம் சார்" என்றார். பிறகு இவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுக்குப் போயி சாமிய எதுக்கு இழுக்கறே?" என்றார் இவர். குரல் இறங்கியிருந்தது.

"சீட்ட மாட்டிக் குடுப்பா. அப்புறம் வந்து உட்றோம் வண்டிய" என்று எலக்ட்ரீஷியனிடம் சொன்னேன். இவரிடம் கையை நீட்டினேன். சாவியைக் கொடுத்தார்.

வழியெல்லாம் அவர் பிரேக்கைப் பிடி என்றுகூடச் சொல்லவில்லை. கண்ணாடி தானாக இறங்கியது. காணிப்பாக்கத்துக்குத் திரும்பும் இடம் வந்தது. அதுவும் இடது பக்கம்தான். இண்டிகேட்டரைப் போட்டேன், ஹார்ன் அலறியது. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் ஏதோ சொன்னார்.

"இன்னா?"

"நான்தான்."

"கேக்கல, சத்தமா சொல்லுங்க!"

"நான்தான்மே தண்ணியில உட்டேன்!" என்று கத்தினார். டீக்கடைக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று கொஞ்ச நேரம் இண்டிகேட்டரை அப்படியே விட்டுவைத்தேன்.

ஓரமாக நிறுத்தி அணைத்ததும் மெதுவாகச் சொன்னார். "அன்னிக்கு பஸ்ஸ நிறுத்திட்டாங்கன்னு கேட்டதும் உன்னைக் கூட்டிக்கினு வரலாம்னு கெளம்பிட்டேன். பாகாலாகிட்ட தண்ணி. தாண்டிடலாம்னு பாத்தேன். நடுவுல நின்னு போச்சு. போனு மடியில இருந்து தண்ணியில வுழுந்துடுச்சு. நாலு பேரு தள்ளித்தான் வெளிய கொணாந்தாங்க. உன்னைக் கூட்டிக்கினு வர முடியலியேன்னு வேற வெக்கமா இருந்துச்சு. நீ ஓட்டும்போது அத்தனை பேசியிருக்கேன், எந்த மூஞ்சிய வெச்சுக்கினு சொல்றது?"

ரயிலில் நான் அழுததெல்லாம் ஞாபகம் வந்தது. நான் அங்கே அழுதுகொண்டிருந்தபோது இந்த மனுஷன் எனக்காக முழங்காலளவு தண்ணீரில் நின்றிருக்கிறார். அதை அன்றைக்கே சொல்லியிருந்தால் எத்தனை சந்தோஷப்பட்டிருப்பேன்! அதை மறைத்துப் பழியை என் தலையில் கட்டி, சாவியையும் பிடுங்கிக்கொண்டு, ஒத்துக்கோ என்று புத்தி வேறு சொன்னாரே. என்னைத் தேடி வந்தவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பழி போட்டவரை அங்கேயே இறக்கிவிட்டுப் போக வேண்டும் போல இருந்தது. இரண்டும் ஒரே ஆளாக இருந்து தொலைத்தது.

"கோயிலுக்குப் போலாமா?" என்று கேட்டார்.

"எதுக்கு? புள்ளையாருக்குத் தெரியும். உங்கம்மாவுக்குத்தான் தெரியாது" என்று காரைத் திருப்பினேன்.

"அம்மா கிட்டயா?" சாமியிடம் போகலாம் என்றபோதுகூட அவர் முகம் அப்படி வெளுக்கவில்லை.

தெரு முனையில் இண்டிகேட்டரைப் போட்டேன். ஹார்ன் சத்தம் கேட்டு அத்தை வெளிக் கதவுக்கே வந்துவிட்டார். வாசலில் நிறுத்தியும் நான் அதை அணைக்கவில்லை.

"அணைச்சுடு, தெருவே பாக்குது" என்றார் இவர்.

"சொல்லி முடிங்க, அணைக்கிறேன்."

இறங்கிப் போய், ஹார்னுக்கு மேலே கத்திக் கத்தி, பாகாலா தண்ணீர் முதல் நாலு பேர் தள்ளியது வரை எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னார். எதிர்வீட்டு அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. மகனின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார்.

"அம்மாந் தண்ணியில நின்னியாடா கண்ணு? ஜொரம் ஒண்ணும் வரலியே?"

நான் சாவியை உருவினேன். ஹார்ன் நின்றது. அந்தச் சாவியை அதற்குப் பிறகு நான் யாரிடமும் கொடுக்கவில்லை.