பயிற்சி வீட்டில் அக்கா வளர்த்த பிள்ளை

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்ன தம்பி, பிறந்தது, படித்தது, வேலை பார்த்தது என்று வரிசையாக எழுதினால் போதும், போட்டுக் குழப்பாதே என்று சொல்லித்தான் தாளைக் கொடுத்தான். வரிசையாகத்தான் தொடங்குகிறேன். ஆனால் நடுவில் எனக்கே இன்றுவரை விளங்காத ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிப் போக முடியவில்லை. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது ஆலங்குடிக்குப் பக்கத்தில், எங்கள் ஊரில். அப்பாவுக்குக் கடலைக் கொல்லையும் கொஞ்சம் தென்னையும் இருந்தன. மழை பெய்த வருடம் சாப்பாடு, பெய்யாத வருடம் கஞ்சி. அதற்கு நடுவிலும் அக்கா புதுக்கோட்டையில் விடுதியில் தங்கிப் பள்ளிப் படிப்பை முடித்தார். பிறகு சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் மனையியல் பட்டம். ஹோம் சயின்ஸ் என்றுதான் அப்போது சொல்வார்கள். சோறு பொங்கக் கற்றுக்கொள்ள எதற்குப் பட்டணம் என்று ஊரில் கேட்காதவர் இல்லை. அப்பாவுக்கும் பதில் தெரியாது. டீச்சர் வேலைக்கு என்று மட்டும் சொல்லிச் சமாளிப்பார். அக்காவின் மாணவிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அக்கா வைக்கும் குழம்பு அப்படி ஒன்றும் பிரமாதமாக இருக்காது.

பட்டம் முடிந்து ஆசிரியப் பயிற்சி. அறுபதுகளின் தொடக்கம் அது. உயர்நிலைப் பள்ளிப் பெண்களுக்கு வீட்டு நிர்வாகம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் முதலில் தாங்களே ஒரு வீட்டை நடத்திக் காட்ட வேண்டும் என்பது அங்கே விதி. அதற்காகக் கல்லூரிக்குள்ளேயே பயிற்சி வீடு என்று ஒரு வீடு இருந்தது. அக்காவின் வகுப்பில் மொத்தமே ஐந்து பேர். ஐவரும் அந்த வீட்டில் குடியிருந்து சமையல், துப்புரவு, சாமான் வாங்குவது என்று முறை போட்டுச் செய்தார்கள். எல்லாவற்றுக்கும் மதிப்பெண். வீடு என்றால் குழந்தை வேண்டுமே என்று அநாதை இல்லத்திலிருந்து ஒரு கைக்குழந்தையையும் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். பெண் குழந்தை. அதை வளர்ப்பதற்கும் மதிப்பெண் உண்டு.

பொங்கல் விடுமுறைக்கு அக்கா வந்தபோது இது எங்களில் யாருக்கும் தெரியாது. கீரனூரில் சித்தி மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது, பார்க்கப் போயிருந்தோம். அக்காவைப் பெண் கேட்டிருந்த வீட்டு அம்மாவும் வந்திருந்தார். பிள்ளை வீறிட்டு அழுதது. யார் தூக்கியும் அடங்கவில்லை. அக்கா அதை வாங்கித் தோளில் போட்டு, முதுகைத் தட்டி ஏப்பம் விடவைத்து, ஈரத்துணியை மாற்றி மடியில் கிடத்தினார். அது தூங்கிப்போனது. இரண்டு பெற்றவள் மாதிரிக் கைப்பழக்கம். எங்கே பழகினாய் என்று அந்த அம்மா கேட்டார். அக்காவுக்குப் பொய் சொல்ல வராது.

"காலேஜ்ல ஒரு புள்ளைய வளக்குறோங்க. நாங்க அஞ்சு பேரு சேந்து."

அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது. யார் பிள்ளை, தகப்பன் யார் என்று நாங்கள் ஊர் திரும்புவதற்குள் கேள்வி ஆலங்குடிக்கு வந்துவிட்டது. கல்யாணமாகாத பெண்கள் கையில் பிள்ளையைக் கொடுத்து மார்க் போடுகிற படிப்பு எங்கள் யார் புத்திக்கும் எட்டவில்லை. அக்கா விளக்க விளக்கக் குழப்பம்தான் கூடியது. படிப்பை நிறுத்திவிட வேண்டியதுதான் என்று அம்மா முடிவு கட்டினார். ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு நிறுத்தலாம் என்றார் அப்பா. அப்பா, அம்மாவோடு நானும் போனேன்.

பயிற்சி வீட்டுப் பேராசிரியை நல்லவர். யார் முறையானாலும் குறித்த நேரத்துக்குப் பால் கொடுப்பார்கள், ஒரே மாதிரித் தூக்குவார்கள், அதனால் பிள்ளை ஒருத்தியிடமே ஒட்டிக்கொள்ளாது என்று பொறுமையாக விளக்கினார். அம்மா தலையை ஆட்டினார், புரிந்ததாகத் தெரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அதற்குள் அந்தப் பிள்ளை அக்காவைக் கண்டுவிட்டது. தவழ்ந்து வந்து சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதது. அன்று அக்காவின் முறை இல்லை, எடுத்தால் மதிப்பெண் குறையும். அக்கா எடுத்துக்கொண்டார்.

எங்களை ரயிலேற்ற எழும்பூர் வந்தபோதுதான் அக்கா கேட்டார்.

"அப்பா, அந்தப் புள்ளைய நம்ம வீட்டுல வளக்கலாமா?"

படிப்பை நிறுத்தப் போனவர்கள் நாங்கள். அப்பா அக்காவின் தலையில் கைவைத்தார்.

"மொதல்ல படிச்சு முடி ஆத்தா. பெறகு நானே வந்து தூக்கிட்டு வாரேன்."

அம்மா கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதும் எனக்கு விளங்காதவற்றில் ஒன்று.

நம் வீட்டுக்கு வரப்போகிற பிள்ளை என்ற நினைப்போடு அக்கா அதை வளர்த்தார். எடை ஏறியது, பல் முளைத்தது, பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கியது. அநாதை இல்லத்திலிருந்து அங்கே வந்த பிள்ளைகளில் இது போலத் தேறியது வேறில்லை என்று பேராசிரியையே பாராட்டினாராம். அப்படித் தேறிய பிள்ளை, பார்க்க வந்த ஒரு தம்பதிக்குப் பிடித்துப்போயிற்று. அக்காவின் தேர்வு முடிவதற்குள் முறைப்படி தத்தெடுத்துப் போய்விட்டார்கள். யார், எந்த ஊர் என்று சொல்லக் கூடாது என்பதும் விதி. குழந்தை வளர்ப்பில் அக்காவுக்குத்தான் முதல் மதிப்பெண். அந்தச் செய்தியோடு அக்கா ஊர் வந்தபோது சந்தோஷப்படுவதா, துக்கம் விசாரிப்பதா என்று தெரியாமல் நின்றோம். அம்மா பாயசம் வைத்தார். யாரும் குடிக்கவில்லை.

பிறகு புதுக்கோட்டையிலும் விராலிமலையிலுமாக அக்கா ஓய்வு பெறும்வரை மனையியல் ஆசிரியையாக இருந்தார். தம்பியைப் படிக்கவைத்தார், எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார், அம்மாவையும் அப்பாவையும் கடைசிவரை வைத்துப் பார்த்தார். குழந்தை வளர்ப்புப் பாடத்துக்குப் பொம்மையைத் தவிர வேறு எதையும் வகுப்புக்குள் விட மாட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நின்றுபோன சம்பந்தத்தாலா, அந்தப் பிள்ளையாலா, வெறுமனே பிடிக்காமல்தானா, எனக்குத் தெரியாது. அக்காவைக் கேட்டால், தனக்கும் தெரியவில்லை என்பார்.

அக்காவின் கடைசி மாதங்களில் துணை நின்றவர்கள் பலர். புதுக்கோட்டை மருத்துவமனையில் கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், மாற்றி மாற்றிச் சாப்பாடு கொண்டுவந்த அண்டை வீட்டார், எங்கிருந்தெல்லாமோ வந்து கால்மாட்டில் உட்கார்ந்திருந்த மாணவிகள், காரியங்களில் தோள் கொடுத்த பங்காளிகள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறோம்.

அந்தத் தம்பதியையும் இந்த வரிசையில் சேர்ப்பதா என்று எனக்குக் குழப்பமாகவே இருந்தது. அவர்கள் மேல் கோபம் இல்லையா என்று, படுக்கையில் இருந்த அக்காவிடம் ஒருநாள் கேட்டிருக்கிறேன்.

"அவுங்க மேல என்னடி கோவம்? நான் கொஞ்சம் மோசமா வளத்திருந்தா அது இங்கிட்டு வந்திருக்கும்."

சொல்லிவிட்டு அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.